பார்பியின் காதோரப் பச்சைக் கறை: வழி சொல்லுங்கள்

என் பழைய பார்பியின் காதுகளைச் சுற்றிப் பச்சைக் கறை. கம்மலின் உலோகம் களிம்பேறி முகத்துக்குள் இறங்கியிருக்கிறது. இடப்பக்கம் கன்னம் வரை.

1993 வாக்கில் வாங்கிய, சேலை கட்டிய பொம்மை. (முதுகில் 1966 என்றிருப்பது உடல் அச்சின் பதிப்புரிமை ஆண்டு, பொம்மை செய்த ஆண்டல்ல; விலை கேட்டு வராதீர்கள்!) சென்னையில் பரண்மேல் பல வருடம் கிடந்தது. காலும் பிசுபிசுக்கிறது, அது போகட்டும்.

அக்காவும் நானும் சண்டை போட்ட கம்மல் அது, மனசில்லாமல்தான் கழற்றினேன். பாத்திர சோப்பு, பேக்கிங் சோடா இரண்டுக்கும் கறை அசையவில்லை. அப்புறம் முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு கிரீமைத் தடவி வெயிலில் வைத்தேன். பச்சை கொஞ்சம் வெளுத்தது. கூடவே காதுமடலின் நிறமும் வெளுக்க ஆரம்பித்ததால் நிறுத்திவிட்டேன்.

முகத்தின் நிறமும் அந்த நீல இமையும் கெடாமல் மீதிக் கறையை எப்படி எடுப்பது?