வீட்டுத் தோட்டத்தில மரப்பட்டை மல்ச்: கொழும்பு மழைக்குள்ள போட்டுப் பாத்த ஆக்கள் சொல்லுங்கோ

நுகேகொடை வளவு:

வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் கிட்டடியில வாங்கின வீட்டுக்கு முன்னால கொஞ்சக் காணி கிடக்கு. வீடு கட்டின பாஸ்மார் மேல்மண்ணை வழிச்சு எடுத்துப்போட்டினம். இப்ப கிடக்கிறது வெறும் சிவப்புக் கபுக் மண் (செம்பூராங்கல் மண்). வெயிலுக்கு மண்வெட்டி இறங்காது, மழைக்கு வெள்ளைச் சுவரில முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறிக்குது. புல்லுப் பதிக்க மாமிக்கு விருப்பம், வெட்டத்தான் ஆள் இல்லை. அதால செவ்வரத்தை, எக்ஸோரா, தேசி, மதிலோரமாக் குரோட்டன் எண்டு வைச்சு, இடையில நிலத்தைக் கிழிச்ச மரப்பட்டையால மூடுவம் எண்டு யோசனை.

வெளிநாட்டு வீடியோவில எல்லாம் வடிவாத்தான் கிடக்கு. இங்க மே மாசம் தென்மேல் பருவக்காத்து தொடங்கினால் ஒரு பக்கம், ஒக்டோபர், நவம்பரில பின்னேரம் பின்னேரம் இடியோட கொட்டுறது இன்னொரு பக்கம். அடிச்சுக்கொண்டு போகாதோ? கறையான்? பாம்பு? டெங்கு பாக்க வாற பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) என்ன சொல்லுவார்? விக்கிறவையைக் கேட்டாச்சு, அவை எல்லாத்துக்கும் "பிரச்சினை இல்லை" எண்டினம். போட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

ஹெந்தளைக்காரன்:

அடிச்சுக்கொண்டு போகுமோ எண்டது எந்தப் பட்டை எண்டதைப் பொறுத்தது. எங்கட முன்வளவு கேற் பக்கமாச் சரிவு. ரெண்டு வகையும் அங்க கிடந்திருக்கு. முந்தி இருந்தவை போட்டுவிட்டுப் போனது கட்டிப் பட்டை, நெருப்புப்பெட்டி அளவுத் துண்டுகள். பாக்கச் சோக்கா இருக்கும். ஒக்டோபர் மழை ஒண்டு கொட்டினவுடன எல்லாம் மிதந்து கேற்றுக்குக் கீழால போய்க் கானை அடைச்சிட்டுது. பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு கையில குடை, மற்றக் கையில தும்புத்தடியோட வந்து நிண்டு தள்ளினார். என்னோட ஒரு கிழமை கதைக்கேல்லை.

கிழிச்ச பட்டை அப்பிடி ஓடாது. நார் நாராக் கிழிஞ்சிருக்கிறதால ஒண்டோட ஒண்டு கொழுவிக்கொள்ளும். நாலைஞ்சு மழை குடிச்சு இறுகினாப் பிறகு ஒரு பக்கத்தைப் பிடிச்சுத் தூக்கிப் பாருங்கோ, முழத் துண்டாக் கிளம்பும். சரிவெண்டால் அதுதான் சரி. ஓரத்துக்குக் கபுக் கல்லை ரெண்டு அங்குலம் மேல தெரியப் புதைச்சு விடுங்கோ. பீலித் தண்ணி விழுற இடத்தில மட்டும் எந்தப் பட்டையும் நிக்காது, அங்க கூழாங்கல்தான்.

உங்கட சுவரில செம்மண் தெறிக்கிறது முதல் மழையோடயே நிண்டுபோகும். களை குறையும், தண்ணி மிச்சம் எண்டு எல்லாரும் சொல்லுவினம். எங்கட வீட்டில அவ சந்தோசப்பட்டது சுவர் கழுவத் தேவையில்லை எண்டதுக்கு.

தெமட்டகொடை உம்மா:

பூனையப் பத்தி ஒருத்தரும் பேசல்லயே. பட்டை போட்ட அண்டைக்கே தெருவுல உள்ள பூனை எல்லாம் நம்மட வளவத்தான் கக்கூஸாக்கிச்சு. ரோசாச்செடி கவ்வாத்துப் பண்ணின முள்ளுக் கம்ப வெட்டி மேலால பரத்தி விட்டேன். இப்ப எதிர் வீட்டுக்குப் போவுதுகள்.

கல்கிசை ரீச்சர்:

பட்டை இறக்க முதல் மணந்து பாருங்கோ. பகிடி இல்லை.

போன வருசம் ஒரு சப்ளையர் லொறியில கொண்டுவந்து கொட்டினவர். மலிவாத்தான் தந்தவர். மேல காய்ஞ்சு நல்லாத்தான் தெரிஞ்சுது. கைவிட்டு உள்ளுக்குள்ள கிளறினால் கை சுட்டுது, ஆவி வந்துது, வினாகிரி மணம் மூக்கைக் குத்திச்சுது. வேலைக்கு வந்த தம்பி அதுக்குள்ள நாலு கூடை அள்ளி அந்தூரியப் பாத்திக்குப் போட்டிட்டான். அடுத்த நாள் விடியப் போய்ப் பாக்கிறன், கீழ் இலைகளின்ர ஓரமெல்லாம் வெந்து வெளிறிப் போச்சு. நிலத்தோட ஒட்டின இலைதான் கூடப் பாதிப்பு. மேல் இலைக்கு ஒண்டுமில்லை.

விசயம் இதுதான். ஈரப் பட்டையை உயரமாக் குவிச்சு, தார்ப்பாயால மூடி நாள்கணக்கா வைச்சால் உள்ளுக்குள்ள காத்துப் போகாது. காத்தில்லாமல் புளிச்சு அசெற்றிக் அமிலம் ஊறும். அதை அப்பிடியே செடிக்குக் கீழ பரவினால் எழும்புற ஆவியே இலையைச் சுட்டுப்போடும். நல்ல பட்டைக்கு மரக்காலை மணம் அல்லது மழை விட்ட மண் மணம் வரும். வினாகிரி, அழுகல் முட்டை, அமோனியா எண்டு எது மணந்தாலும் செடிப் பக்கம் கொண்டுபோகாதேங்கோ. சீமெந்து முத்தத்தில மெல்லிசாப் பரவி, தண்ணி அடிச்சு, கிளறிக் கிளறிக் காயவிடுங்கோ. மணம் போனால் பாவிக்கலாம். நான் அப்பிடித்தான் மிச்ச லொறியைக் காப்பாத்தினது. மலிவெண்ட காசு கூலிக்குப் போச்சு.

மற்றது, பட்டையை மண்ணுக்கு மேல போடுறது வேற, மண்ணோட கலக்கிறது வேற. மரத்தில காபன் கூட, நைதரசன் மிகக் குறைவு. மண்ணுக்குள்ள கொத்திக் கலந்தால் அதை உக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில இருக்கிற நைதரசனை இழுத்துப்போடும், செடி மஞ்சளிச்சு நிக்கும். மேல கிடந்தால் மண்ணும் பட்டையும் முட்டுற மெல்லிய படையில மட்டும்தான் அது நடக்கும், ஆழப் போன வேருக்குத் தெரியாது. அதால கத்தரி, மிளகாய் நாத்துப் பாத்திக்கு வேண்டாம். வேர் பிடிச்ச செவ்வரத்தைக்குப் பயமில்லாமல் போடலாம்.

கொட்டாஞ்சேனை மொட்டைமாடி:

நமக்கு நிலமே இல்ல, எல்லாம் தொட்டிதான். பட்டைக்குப் பதிலா பொச்சுமட்டைச் சில்லு போடுறேன். முதல்ல ஊற வச்சு, அந்தத் தண்ணிய ரெண்டு மூணு தரம் மாத்தணும். மட்டையில உப்பு இருக்கும், தேத்தண்ணி நிறத்துல சாயமும் எறங்கும். கழுவாம வச்சா மாடித் தரை, கீழ் வீட்டுச் சுவர் எல்லாம் கறை. கீழ் வீட்டக்கா ஏறி வந்து பேசினா தாங்காது.

கட்டட வேலைக்காரன்:

கறையானைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பட்டை போட்டதால் கறையான் எங்கிருந்தோ கிளம்பி வருவதில்லை. கொழும்பில் அது ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கிறது. பட்டை அதற்குக் கொடுப்பது ஈரமும் மறைப்பும். வீட்டுச் சுவரில் கறையான் ஏறினால் பென்சில் தடிப்பில் மண்குழாய் தெரியும், அதைப் பார்த்துத்தான் நாங்கள் மருந்தடிக்க ஆள் கூப்பிடுகிறோம். பட்டையைச் சுவரோடு ஒட்டக் குவித்தால் அந்தக் குழாய் கண்ணில் படாது. தெரிய வரும்போது கதவு நிலையைத் தட்டிப் பார்த்தால் உள்ளே கோறையாக இருக்கும். பத்தரமுல்லையில் நான் திருத்தப் போன ஒரு வீட்டில், முன்கதவுக்கு இரண்டு பக்கமும் பட்டை டி.பி.சி. (நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் அடியில் போடும் தடுப்புப் படை) மட்டத்துக்கு மேலே ஏறிக் கிடந்தது. பலா மர நிலை தப்பியது. யன்னலுக்குப் போட்டிருந்த மலிவு மரம் கடதாசியாக வந்தது.

சுவரிலிருந்து ஓர் அடி விடுங்கள். அந்த ஓர் அடிக்குச் சல்லிக்கல் போதும். பட்டையின் மேல்மட்டம் டி.பி.சி.க்குக் கீழேதான் இருக்க வேண்டும். கட்டட வேலையில் மிஞ்சிய பலகைத் துண்டுகளை மண்ணுக்குள் விட்டுவிட்டு அதன்மேல் பட்டை போடுகிறார்கள், அதுதான் உண்மையான கறையான் விருந்து. முதலில் அதைப் பொறுக்குங்கள்.

ஸ்காபரோ அத்தான்:

இங்க கனடாவில ஒவ்வொரு மே மாசமும் எங்கட தெரு முழுக்க இதுதான் வேலை. சீடார், பைன் பட்டை, மூட்டை மூட்டையா. குளிருக்கு ஆறு மாசம் உக்கிறது நிண்டுபோறதால ஒருக்காப் போட்டால் ரெண்டு வருசம் இழுக்கலாம். கொழும்பில அம்மா வீட்டுக்குப் போட்டது வருசம் முடிய முதலே கறுப்பு மண்ணாப் போச்சு. அம்மா "காசெல்லாம் கரைஞ்சு போச்சு" எண்டவ. மண்ணைக் கிளறிக் காட்டினன், அந்தக் கபுக்குக்குள்ள மண்புழு. அதுக்குப் பிறகுதான் பேசாமல் விட்டவ.

இங்க இன்னொரு தொல்லை இருக்கு. பட்டையில வாற ஒரு பூஞ்சணம் தன்ர வித்தை வெளிச்சமான பக்கத்துக்குச் சுட்டெறியும். வெள்ளைச் சுவர், கார் எல்லாம் கறுப்புப் புள்ளி, சுரண்டினாலும் போகாது. அது குளிரான காலத்தில வாறது, உங்களுக்கு அந்தப் பயம் குறைவு. ஆனா மழை விட்டாப் பிறகு பட்டைக்கு மேல நாய் சத்தி எடுத்த மாதிரி மஞ்சளாப் பொங்கிக் கிடந்தால் பயப்பிடாதேங்கோ. அது சளிப்பூஞ்சணம், செடியை ஒண்டும் செய்யாது. அம்மா அதுக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சு, முச்சந்தி மண் எடுத்துக் கண்ணூறு கழிச்சவ.

நாய் வளக்கிற ஆக்கள் கொக்கோக் கோதை மட்டும் மல்ச்சாப் போடாதேங்கோ. சொக்கிளேற் மணத்துக்கு நாய் தின்னும், அதில இருக்கிற தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு.

பம்பலப்பிட்டி பொம்மி:

பி.எச்.ஐ. வந்தவர், பட்டையைத் திரும்பியும் பாக்கேல்லை. அதில தண்ணி தேங்காது, கீழ இறங்கிடும். அவர் போனது நேர பூச்சட்டிக்குக் கீழ வைக்கிற தட்டுக்கும், பீலிக்கும், இலைக் குருத்துக்குள்ள தண்ணி நிக்கிற புரோமிலியாட்டுக்கும். பட்டை ஓரத்துக்கு வடிவுக்கெண்டு சிரட்டை அடுக்கியிருந்தம். அதைத்தான் எடுக்கச் சொன்னவர், ஏனெண்டால் நிமிர்ந்து கிடந்த ரெண்டில புழு நெளிஞ்சுது.

இன்னொண்டு: பட்டைக்குக் கீழ பொலித்தீன் விரிக்கச் சொல்லி வீடியோக்காரர் சொல்லுவினம். வேண்டாம். தண்ணி அதுக்கு மேல குழி குழியாத் தேங்கும், அப்ப உண்மையிலயே நுளம்பு வரும். கோரைக்கிழங்கு எப்பிடியும் கூர் நுனியால குத்திக்கொண்டு வெளிய வரும். அதைத் தோண்டித்தான் எடுக்கோணும், பட்டையும் நிப்பாட்டாது பொலித்தீனும் நிப்பாட்டாது.

ஹெந்தளைக்காரன்:

பாம்புக்கு மறுமொழி சொல்ல மறந்திட்டன். ரெண்டு மூண்டு அங்குலத்துக்குள்ள பெரிய பாம்பு குடியிருக்கிறது குறைவு. கல்லுக்குவியல், மட்டைக்குவியல்தான் அதுக்கு வீடு. மட்டத்தேள் கிடக்கும், கையுறை போடாமல் கிளறாதேங்கோ. ஆபிரிக்க நத்தையும் பட்டைக்குக் கீழ பகலில ஒளிச்சுக் கிடக்கும். இரவில ரோச்சோட போனால் பொறுக்கலாம். அதையும் வெறுங்கையால தொடக்கூடாது, பிள்ளையளைத் தொட விடவும் கூடாது.

நுகேகொடை வளவு:

எல்லாருக்கும் நன்றி. எவ்வளவு வேணும் எண்டு எப்பிடிக் கணக்குப் போடுறது? கடையில 50 லீற்றர் மூட்டை எண்டுதான் சொல்லுகினம். சிவப்புச் சாயம் போட்டதும் இருக்கு, அதுதான் மலிவு.

கல்கிசை ரீச்சர்:

50 லீற்றர் மூட்டை ஒண்டு மூண்டு அங்குலத் தடிப்பில ஏழு சதுர அடிக்குத்தான் காணும். நூறு சதுர அடிக்கு 14 மூட்டை. ரெண்டு அங்குலமெண்டால் பத்து சதுர அடிக்கு ஒரு மூட்டை. உங்கட கபுக் மண் தண்ணியை மெல்ல மெல்லத்தான் இழுக்கும், அதால ரெண்டு அங்குலத்தோட நிப்பாட்டுங்கோ. கடற்கரைப் பக்கம், எங்கட மணல் மண்ணுக்குத்தான் மூண்டு. எந்தச் செடிக்கும் அடித்தண்டை நாலு விரல் விட்டுத்தான் போடோணும். தேசிக்குக் கட்டாயம் பாத்துப் போடுங்கோ, அடித்தண்டு நனைஞ்சபடி கிடந்தால் மரத்தின்ர தோல் அழுகிப் பிசின் வடியும்.

சாயம் பெரும்பாலும் இரும்பு ஒக்சைட்டு, அதால பெரிய கெடுதி இல்லை. ஆனா சாயம் பூசினால் மரத்தின்ர வயசும் பிறப்பும் மறைஞ்சுபோகும். பழைய பலகை, துறைமுகத்தில உடைச்ச பெட்டிப் பலகை எல்லாம் அதுக்குள்ள போயிருக்கலாம். நிறமும் போகப் போக வெளிறிப்போகும்.

கட்டட வேலைக்காரன்:

பெட்டிப் பலகையைச் சிலர் தாங்களே கிழிப்பிக்கிறார்கள். அதில் சூடு போட்ட முத்திரை இருக்கும், கோதுமைக் கதிர் படம் போட்டது. எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, பாவிக்கலாம். எம்.பி. என்றால் மெதைல் புரோமைட்டுப் புகை அடித்தது, விடுங்கள். பச்சை பாய்ந்த பழைய கம்பம், வேலிக்கட்டை எதுவும் வேண்டாம். அவற்றில் ஆசெனிக்கு ஏற்றியிருப்பார்கள்.

ஹெந்தளைக்காரன்:

14 மூட்டைக் காசுக்கு மொரட்டுவைக்கு ஒரு நடை போட்டு வாங்கோ. மரக்காலைகளில மரத்தடி உரிச்ச பட்டை குவிஞ்சு கிடக்கும். கொத்தித் தரமாட்டினம், நீங்கள்தான் ஆள் பிடிச்சுக் கத்தியால கொத்தவேணும். வடிவு கொஞ்சம் குறைவு, ஆனா எந்த மரம் எண்டு கண்ணுக்கு முன்னால தெரியும். சாக்கு நீங்களே கொண்டுபோங்கோ. காலமை வெள்ளணப் போனால் நல்லம். மத்தியானம் வாளை நிப்பாட்டிச் சாப்பிடப் போனால் ஒருத்தரும் எழும்பி வரமாட்டினம்.