பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார் மாமா

அப்பா கொடுத்தது கைமாத்து, 3 லட்சம். வாங்கியவர் சொந்த அத்தை வீட்டுக்காரர் என்பதால் புரோநோட்டு எழுதி வாங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, "நான் வாங்கவே இல்லை" என்றுவிட்டார் மாமா. வேறு வழியில்லாமல் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் வழக்குப் போட்டோம்.

வக்கீல் அம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "கடனைப் பற்றி அவர் முன்னாடி யாராவது பேசி, அவர் மறுக்காம இருந்திருக்காரா?"

இருந்தார். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று, எங்கள் வீட்டுப் பந்தியில். பெரியப்பா எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு, "தம்பிகிட்ட வாங்கின மூணு லட்சத்த எப்ப மாப்ள குடுப்ப?" என்றார். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. ரசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்காமல் போவதும் சாட்சியம்தான் என்றார் வக்கீல் அம்மா. 1872 சாட்சியச் சட்டத்தின் 8வது பிரிவில் இதே மாதிரி ஓர் உதாரணம் இருந்தது. ஒருவர் கடன் கேட்கிறார். "இவருக்குக் கொடுக்காதே, ஏற்கெனவே இன்னாருக்குப் பத்தாயிரம் பாக்கி" என்று அவர் காதுபடவே மூன்றாமவர் சொல்கிறார். கடன் கேட்டவர் பதில் பேசாமல் போய்விடுகிறார். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியத்தில் இது 6வது பிரிவு.

ஆனால் வெறும் மௌனத்தைக் காட்டினால் போதாது. சொன்னது அவர் காதில் விழுந்ததா, புரிந்ததா, பொய்யாக இருந்தால் சாதாரண மனிதன் அங்கேயே மறுத்திருப்பானா என்று எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"திருவிழா அன்னிக்கு மேளச் சத்தத்துல எப்படிங்க காதுல விழும்?"

"மேளக்காரங்களும் எங்க பந்தியிலதான் சாப்பிட்டாங்க சார். மேளம் திண்ணையில இருந்தது."

74 வயதுப் பெரியப்பா நாற்காலி கொடுத்தும் உட்காராமல், கூண்டில் நின்றபடியே பதில் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மௌனத்தால் வழக்குப் போடுவதற்கான காலவரையறை நீளாது. கடனுக்கு மூன்று வருஷம்தான் கெடு. அதை நீட்ட வேண்டுமானால் கெடு முடிவதற்குள் கடன் வாங்கியவர் கையெழுத்துப் போட்ட எழுத்து வேண்டும். நாங்கள் நான்கு மாதம் மிச்சம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். உறவு கெட்டுவிடுமே என்று தயங்கிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து தேதியைப் பாருங்கள்.

தீர்ப்பு எங்கள் பக்கம். கொடுத்த அன்று அப்பா பேங்கில் பணம் எடுத்த கணக்கும் சேர்ந்துதான் ஜெயித்தோம். பந்தியைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தார் அப்பா.