"வெள்ளை எங்கே?" – உங்க படத்துக்கு வந்த விமர்சனம், உங்க அனுபவம்

அம்மாபேட்டையிலிருந்து

நம்ம சேலத்துக்காரங்க எடுத்துப் போடுற போட்டோக்களுக்குக் கீழே "சூப்பர்", "அருமை", கைதட்டுற பொம்மை, இதுதான் அதிகம். எனக்கும் ரெண்டு வருஷமா அதுதான் வந்துச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ரெண்டு வருஷத்துல என் படம் ஒரு அடி கூட முன்னால நகரல.

போன மாசியில ஆத்தூர் ரோட்டுல ஒரு சேகோ பேக்டரிக்குப் போயிருந்தேன். மேஸ்திரிகிட்ட கேட்டுட்டு உள்ளே போனா, களம் முழுக்க ஜவ்வரிசி காயுது. தலையில துண்டு கட்டின ஒரு ஆயா, நீளக் கட்டையில அடிச்ச பலகையால அதைத் தள்ளிக் கிளறிட்டிருந்தாங்க. பதினோரு மணி வெயில். நூறு படமாவது எடுத்திருப்பேன். அதுல ஒண்ணைப் போட்டேன். பாராட்டு வந்துட்டே இருந்துச்சு. நடுவுல ஒருத்தர், ரொம்ப வருஷம் ஸ்டுடியோ வெச்சிருந்தவர், ரெண்டே வார்த்தை எழுதினார்: "வெள்ளை எங்கே?"

கோபம் வந்துச்சு. "அது படத்தோட மூட் சார்"னு பதில் போட்டேன். அவர் விடல. "தம்பி, ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்க. வலது பக்கம் காலியாக் கிடக்கும்"னார். படத்துல இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற வரைபடம் அது, வலது ஓரம்தான் வெள்ளை. திறந்தேன். அப்படியே இருந்துச்சு.

அப்புறம் போன்ல பொறுமையா விளக்கினார். கேமராவுக்கு எது வெள்ளை, எது கறுப்புன்னு தெரியாது. எதைக் காட்டினாலும், விழுற வெளிச்சத்துல 18 சதவீதத்தைத் திருப்பித் தர்ற ஒரு நடுத்தரச் சாம்பல்னு எடுத்துக்கிட்டுத்தான் உள்ளே வெளிச்சத்தை அளக்குற மீட்டர் கணக்குப் போடும். களம் முழுக்க வெள்ளையா இருந்தா, "வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு அதுவே குறைச்சிடும். ஜவ்வரிசி சாம்பலாயிடும். நாமதான் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கிற வெளிச்சத்தை, கூட்டி வைக்கணும். பிளஸ் 1ல ஆரம்பிச்சு, வெள்ளை வெந்து, விவரமே இல்லாமப் போகுதான்னு பார்த்துப் பார்த்து ஏத்தணும். இன்னொண்ணும் சொன்னார்: உச்சி வெயில்ல உருண்டை உருண்டையாத் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சம் வேணும், சாயங்காலம் அள்ளுற நேரத்துக்குப் போங்க.

அடுத்த வாரம் நாலரை மணிக்குப் போனேன். ஜவ்வரிசி மணி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் நிழல். அதே ஆயாகிட்ட பழைய படம், புதுப் படம் ரெண்டையும் காட்டினேன். பழசைப் பார்த்ததும், "ஏங்கண்ணு, இது அழுக்கு மாவுல போட்டதாட்டம் இருக்குதே. வெள்ளை இல்லாட்டி வெலை போவாது"ன்னாங்க. ஸ்டுடியோக்காரர் சொன்னதும் இவங்க சொன்னதும் ஒண்ணுதான்! சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ நானும் பெருமையாப் பகிர்ந்தவன். ஆனா இந்தத் தொழில்ல வெள்ளைதான் விலைன்னு என் படத்துக்குத் தெரியல.

புதுப் படமும் அவங்களுக்குப் பிடிக்கல. "பலகை எங்க? பாதிக் கட்டையோட வெட்டிட்டியே. ஊன்றுகோல் புடிச்சு நிக்கற கெழவியாட்டம் இருக்கறேன். வேலை செய்யறதே தெரியல." நான் முகத்தையே பார்த்துட்டிருந்தேன். அவங்க தன் வேலையைப் பார்த்தாங்க. மூணாவது தடவை போய், பலகை முழுசா வர்ற மாதிரி எடுத்தேன். அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துட்டேன்.

உங்களுக்கு இப்படி யார் என்ன சொன்னாங்க? எழுதுங்க.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

எங்க வீட்டுல கொலுசு வேலை. விற்பனைக்குப் படம் எடுக்க ஆரம்பிச்சு, ஆர்வத்துல இதுக்குள்ளே வந்தேன். முதல் படத்துக்கு ஒரு அண்ணா எழுதினது: "கொலுசுல உங்க சிவப்புச் சட்டை தெரியுது." பெரிசாக்கிப் பார்த்தா ஒவ்வொரு முத்துலயும் நான் நிக்கிறேன். வெள்ளி கண்ணாடி மாதிரி, எதிர்ல இருக்கிறதைத்தான் காட்டும்னு அன்னைக்குத்தான் உறைச்சது. இப்போ ஜன்னலோரம் அப்பாவோட வெள்ளை வேட்டியைக் கூடாரமாக் கட்டி, உள்ளே கொலுசை வெச்சு எடுக்கிறேன். எல்லாமே வெள்ளையானா விளிம்பு மறைஞ்சிடும். அதனால ரெண்டு பக்கமும் கறுப்புச் சார்ட் பேப்பரை விரல் அகலத்துக்கு வெட்டி நிறுத்திடுவேன். திருகாணி வரைக்கும் கோடு போட்ட மாதிரி வரும்.

ஏற்காட்டிலிருந்து

இதை எழுதலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

எங்க வீட்டுக்குப் பின்னால காப்பித் தோட்டம். வேலியோரச் செடியில தேன்சிட்டு கூடு கட்டியிருந்துச்சு. தொங்குற பை மாதிரிக் கூடு, பக்கவாட்டுல வாசல், வாசலுக்கு நேரா ஒரு பெரிய இலை. அந்த இலை குறுக்கே வந்ததால ஒரு நூல் எடுத்துக் கட்டி ஒதுக்கிட்டேன். குஞ்சு ரெண்டும் வாயைத் திறந்திருக்க, தாய் ஊட்டுற படம் கிடைச்சது. என் வாழ்நாள்லயே அவ்வளவு பாராட்டு வாங்கின படம் அதுதான்.

ராத்திரி ஒரு அம்மா தனியாச் செய்தி அனுப்பினாங்க. திட்டல. "கூடு இவ்வளவு திறந்தாப்புல இருக்காதேம்மா. மேலே இருந்த இலையை யார் விலக்கினது?" அவ்வளவுதான். டார்ச் எடுத்துட்டுப் போய் நூலை அவிழ்த்தேன். காலையில போய்ப் பார்த்தப்போ கூடு கிழிஞ்சு கிடந்துச்சு. வேலி மேல காக்கா. அந்த இலைதான் வெயிலுக்கும் காக்காவுக்கும் தேன்சிட்டு வெச்சிருந்த கதவு.

போட்ட படத்தை நீக்கிட்டேன். ஏன் நீக்கினேன்னு கேட்டவங்க எல்லாருக்கும் நடந்ததை அப்படியே சொன்னேன். இப்போ யாராவது கூட்டுப் படம் போட்டா, ஒளி எப்படி, ஃபோகஸ் எப்படின்னு நான் பேசறதில்ல. எவ்வளவு தூரத்துல இருந்து எடுத்தீங்க, எதையாவது ஒதுக்கினீங்களான்னுதான் முதல்ல கேட்பேன். சிலருக்கு அது பிடிக்கல. பரவாயில்ல, நான் கேட்பேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து

எனக்கு நடந்தது வேற. காலேஜ் முதல் வருஷம். ஏற்காடு பகோடா பாயிண்ட்ல எடுத்த மூடுபனிப் படத்தைப் போட்டேன். "இதெல்லாம் ஒரு படமா, புகை மண்டலம்"னு ஒருத்தர் எழுத, நாலு பேர் சிரிச்சாங்க. என்ன தப்புன்னு யாரும் சொல்லல. ஒரு வருஷம் கேமராவைத் தொடல. இங்கே எழுதியிருக்கிறதைப் படிச்சதும்தான் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். சாம்பலாத்தான் இருக்கு.

அம்மாபேட்டையிலிருந்து

தங்கச்சி, அப்படி எழுதினது ரொம்பத் தப்பு. அது விமர்சனமே இல்ல.

உங்க பனியும் என் ஜவ்வரிசியும் ஒரே கணக்குதான். பனி வெள்ளை, அதனால மீட்டர் ஏமாந்திருக்கு. பிளஸ் முக்காலோ ஒண்ணோ ஏத்தி எடுத்துப் பாருங்க. வெறும் பனியில ஆட்டோஃபோகஸ் பிடிக்க இடம் கிடைக்காம முன்னும் பின்னும் அலையும். அதுக்குக் கிட்டத்துல கறுப்பா ஒண்ணு வேணும், காப்பித் தோட்டத்துல நிழலுக்கு வெச்சிருக்கிற சில்வர் ஓக் மரம் ஒண்ணு போதும். அடிமரத்துல ஃபோகஸை நிறுத்திட்டு, பின்னால பனி நகர்ற வரைக்கும் காத்திருங்க. கீழே இருந்து காரில் ஏசி போட்டுட்டு வந்து, வெளிக் காத்தை விட லென்ஸ் குளிர்ந்திருந்தா, இறங்கினதும் அது மேல ஈரம் படியும். பதினைஞ்சு நிமிஷமாவது பையை மூடியே வெச்சிருந்துட்டு அப்புறம் வெளியே எடுங்க.

பழைய படத்தையும் அழிக்காதீங்க. ரெண்டையும் சேர்த்து இங்கேயே போடுங்க, பார்க்கிறேன்.