‘மெமரி’ பாடலின் இசைப் பகுப்பாய்வுக்கு உதவி வேண்டுகிறேன்

அன்புடையீர், வணக்கம். ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்து 1981இல் லண்டனில் அரங்கேறிய ‘கேட்ஸ்’ இசை நாடகத்தில், பிற பூனைகளால் ஒதுக்கப்பட்ட கிரிசபெல்லா பாடும் ‘மெமரி’ குறித்துக் கட்டுரை எழுதி வருகிறேன். பி ஃபிளாட் மேஜர் என்னும் சுர அமைப்பில் தணிந்த குரலில் தொடங்கும் பாடல், உச்சத்தில் டி ஃபிளாட் மேஜர் என்னும் வேறொரு சுர அமைப்புக்கு மாறும்போது, அதுவரை நினைவுகளுக்குள் ஒடுங்கியிருந்தவள் முதன்முறையாகப் பிறரை நோக்கிக் கை நீட்டுவதாக உணர்கிறேன். என்னை மிகவும் உருக்கும் இடம் அதுவே. ஆனால், 12/8 தாளத்தின் (ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு எட்டாம்பங்குச் சுரங்கள், அதாவது முழுச் சுரத்தின் எட்டில் ஒரு பங்கு நீளமுள்ளவை) தாலாட்டு போன்ற அசைவுக்கு நடுவே 10/8 அளவிலான சுற்று நுழைந்து, இரண்டு எட்டாம்பங்குச் சுரங்கள் குறைவதால் சொற்றொடர் முன்கூட்டியே முடிவது எனக்குப் பிடிபடவில்லை. அதை அவளுடைய தயக்கமாகப் பொருள்கொள்வது தகுமா, அல்லது அது பாடல் வரியின் நீளத்துக்கேற்ற ஏற்பாடு மட்டுமா? மேலை இசைக்கோட்பாடு பயின்றவர்கள், குறிப்பாக மேடையில் இதைப் பாடியோர், சற்று விரிவாக விளக்க வேண்டுகிறேன்.