ஹாரோ ஃபிளாட்: லீஸில் மீதி 83 வருடமா, 81 வருடமா? எப்போது நீட்டுவது?

ஹாரோ_இரண்டாம்மாடி:
வணக்கம். லண்டன் ஹாரோவில் இரண்டு அறை ஃபிளாட், பெறுமதி சுமார் 300,000 பவுண். லீஸ் (நீண்டகாலக் குத்தகை) பத்திரத்தின் திகதி 1984 நவம்பர், காலம் 125 வருடம். என் கணக்கில் இன்னும் 83 வருடம் இருக்கிறது. கிரவுண்ட் ரென்ட் (நிலத்துக்கான வாடகை) வருடத்துக்கு 100 பவுண், கூடுவதில்லை. 15,000 பவுண் கட்டினால் திரும்ப 125 வருடமாக்கித் தருகிறோம், வாடகை பழையபடியே இருக்கும் என்று ஃப்ரீஹோல்டரின் (கட்டடத்தின் நிரந்தர உரிமையாளர்) ஏஜென்ட் கடிதம் போட்டிருக்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? புதுச் சட்டத்தில் 990 வருடம் கிடைக்குமாம், அதுவரை பொறுப்பது நல்லதா?

பத்திரம்_படி:
கையெழுத்தான திகதியை வைத்து எண்ணாதீர்கள். பத்திரத்தில் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று தனியாக எழுதியிருக்கும். ஒரே கட்டடத்தின் எல்லா ஃபிளாட்டுக்கும் ஒரே நாளில் முடியட்டும் என்று பழைய காலாண்டு நாள் ஒன்றைப் போடுவது வழக்கம்: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. அதைப் பார்த்துச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹாரோ_இரண்டாம்மாடி:
பார்த்தேன் அண்ணா. 24 ஜூன் 1982 முதல் என்று இருக்கிறது.

பத்திரம்_படி:
அப்படியென்றால் லீஸ் 2107 ஜூனில் முடிகிறது. 2027 ஜூன் 24 அன்று மீதி சரியாக 80. அந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது. மீதி 80 வருடத்துக்கு மேல் இருந்தால் மேரேஜ் வேல்யூ கிடையாது. 80க்கு வந்துவிட்டால், மேரேஜ் வேல்யூவில், அதாவது லீஸ் நீள்வதால் கூடும் மதிப்பில், பாதியை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். லீஸை நீட்டக் கேட்டு 1993 சட்டத்தின் 42ஆம் பிரிவில் நீங்கள் அனுப்பும் நோட்டீஸ் அவர் கையில் சேரும் நாள்தான் மதிப்பீட்டு நாள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டால், பேச்சுவார்த்தை ஒரு வருடம் இழுத்தாலும் கணக்கு அந்த நாளிலேயே நிற்கும்.

மதிப்பீடு_லண்டன்:
15,000 மிக அதிகம். மீதி 81 வருடம், வீடு 300,000 என்று வையுங்கள். லீஸ் முடிந்து வீடு திரும்பும் உரிமையின் இன்றைய மதிப்பை 5% கழிவு விகிதத்தில் கணக்கிட்டால் சுமார் 5,700 பவுண். ஃபிளாட்டுக்கு இந்த 5% ஸ்போர்டெல்லி வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட விகிதம். வருடம் 100 பவுண் வாடகையை இழப்பதற்கு, 7% என்று வைத்தால், சுமார் 1,400. மொத்தம் 7,100 அளவில்.

இதே வீடு 79 வருடத்தில்: இந்த இரண்டும் சேர்ந்து 7,700. குறுகிய லீஸோடு வீடு 282,000க்குத்தான் போகும் என்று எடுத்துக்கொண்டால் கூடும் 18,000இல் அந்த 7,700ஐக் கழித்து மீதி 10,300தான் மேரேஜ் வேல்யூ, அதில் பாதி ஏறக்குறைய 5,150. ஆக 12,850. இரண்டு வருடத் தாமதத்தின் விலை இது.

ஏஜென்ட் சொல்வதில் வருடங்களும் குறைவு. அவர் தருவது 125தான். சட்டப்படி போனால் மீதி 81உடன் 90 சேர்ந்து 171, கிரவுண்ட் ரென்ட் அன்றோடு பூஜ்யம். லீஸ் நீட்டிப்பு தெரிந்த சர்வேயரை வைத்து நோட்டீஸில் போட வேண்டிய தொகையை எடுங்கள். குறைவாகக் கேட்கலாம், ஆனால் நம்பவே முடியாத தொகை போட்டால் நோட்டீஸே செல்லாது. உங்கள் செலவில் செய்த மேம்பாடுகளை அவரிடம் சொல்லுங்கள், அதனால் கூடிய மதிப்பைக் கழிக்க வேண்டும்.

பத்திரம்_படி:
வழிமுறையில் இடறும் இடங்கள்: வீடு இரண்டு பேர் பெயரில் என்றால் நோட்டீஸ் இருவர் பெயரிலும் போக வேண்டும். ஃப்ரீஹோல்டரின் பதில் நோட்டீஸுக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். முன்பணமாக நீங்கள் சொன்ன தொகையில் 10% அல்லது 250 பவுண், எது கூடவோ அதை அவர் கேட்கலாம். அவருடைய சொலிசிட்டர், சர்வேயர் ஆகியோரின் நியாயமான செலவும் இப்போதைக்கு உங்கள் தலையில்தான். விலைத் தகராறைத் தீர்க்கும் ட்ரிப்யூனலுக்குப் போனால் அங்கே ஆகும் செலவு அவரவர்க்கு.

விலை ஒத்துவராவிட்டால் பதில் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆறு மாதத்துக்குள் ட்ரிப்யூனலில் மனுப் போட வேண்டும். பதிலே வராவிட்டால் கவுண்டி கோர்ட், அதற்கும் ஆறு மாதம்தான். பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: எல்லாம் பேசி முடித்த பிறகும் புது லீஸ் நான்கு மாதத்துக்குள் கையெழுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். எந்தக் கெடு தவறினாலும் நோட்டீஸ் வாபஸ் ஆனதாகிவிடும், அடுத்தது போட 12 மாதம் காத்திருக்க வேண்டும். உங்கள் நிலையில் அந்த 12 மாதத்தில் 80 தாண்டிவிடும்.

நோட்டீஸ் போன கையோடு லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் அதைப் பதியச் சொல்லுங்கள். நடுவில் ஃப்ரீஹோல்ட் கைமாறினாலும் புது உரிமையாளரை அது கட்டுப்படுத்தும்.

ஹாரோ_இரண்டாம்மாடி:
வீடு வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. இரண்டு வருடம் ஆக வேண்டாமா? 990 வருட விஷயம்?

மதிப்பீடு_லண்டன்:
இரண்டு வருட நிபந்தனை 2025 ஜனவரி 31 அன்றே போய்விட்டது. 990 வருடமும் மேரேஜ் வேல்யூ ஒழிப்பும் நீங்கள் சொன்ன புதுச் சட்டத்தில், அதாவது 2024 சட்டத்தில் இருக்கின்றன, ஆனால் அந்தப் பிரிவுகள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 65 வருடம் மீதி உள்ளவர் காத்திருக்கலாமா என்று யோசிப்பதில் அர்த்தம் உண்டு, அவர் ஏற்கெனவே கோட்டுக்குக் கீழே. உங்களுக்கு 171 வருடமே தாராளம். முதலில் சர்வேயரைப் பிடியுங்கள். நோட்டீஸை 2027 மே வரை இழுக்காதீர்கள்: பெயரிலோ முகவரியிலோ பிழை என்று திரும்பினால் மறுபடி அனுப்ப நாள் வேண்டும்.