பாலிஹவுஸ் வெள்ளரி: வாராவாரம் அளந்தும் பறிப்புக் கணக்கு தப்புகிறது, உதவுங்கள்

வாடிப்பட்டி தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். 25 சென்ட் பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் ஷீட் போட்ட பசுமைக் கூடாரம்) வெள்ளரி வைத்திருக்கிறேன், சுமார் 2,500 செடி. அடுத்த வாரம் எத்தனை கிலோ வரும் என்று மதுரை மாட்டுத்தாவணிச் சந்தை வியாபாரி ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுவார், அதை வைத்துத்தான் வண்டி, விலை எல்லாம் பேசுவார். அதற்காகவே 10 செடிக்கு அட்டை கட்டி உயரம், தண்டுத் தடிமன், இலை, பூ என்று நோட்டுப் போட்டு எழுதுகிறேன். போன வாரம் 1,100 கிலோ சொன்னேன், வந்தது 720. அதற்கு முந்தின வாரம் குறைத்துச் சொல்லி, மிஞ்சிய காயைக் கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதாகிவிட்டது. நோட்டைப் புரட்டினால் 4-ம் நம்பர் செடி ஒரே வாரத்தில் 12 சென்டிமீட்டர் குட்டையாகியிருக்கிறது. செடி எப்படிங்க குட்டையாகும்? அளப்பது நான், நான் இல்லாவிட்டால் வேலைக்கு வரும் அக்காக்களில் ஒருவர். சொன்ன வாக்கு தவறுவதுதான் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

மேலூர்க்காரன்:
தம்பி, கொடி இறக்குகிறீர்களா, அதாவது மேலே எட்டிய கொடியைக் கயிற்றோடு தளர்த்திக் கீழே இறக்கிக் கட்டுகிறீர்களா? தரையிலிருந்து டேப் பிடித்தால், கொடியை இறக்கிக் கட்டிய அன்றோடு அந்த உயரத்துக்கு அர்த்தமே இல்லை. நுனிக்கு நேராகக் கொடி ஏறுகிற கயிற்றில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், அடுத்த வாரம் அந்தக் கோட்டிலிருந்து புது நுனி வரைக்கும் அளந்தால் அதுதான் அந்த வார வளர்ச்சி. இறக்கும்போது கொடியோடு கயிறும் சேர்ந்து இறங்கும் என்பதால் கோடு செடியில் அதே இடத்தில் இருக்கும். தண்டுத் தடிமனையும் அந்தக் கோட்டுக்கு நேரே, கணுவை விட்டுத் தள்ளிப் பாருங்கள். வெள்ளரித் தண்டு உருண்டை கிடையாது, விளிம்பு விளிம்பாக இருக்கும். ஒரு வாரம் விளிம்பிலும் மறுவாரம் பட்டையான பக்கத்திலும் வெர்னியரை (தடிமன் அளக்கும் கருவி) வைத்தால் செடி இளைத்த மாதிரித் தெரியும்.

அப்புறம், நுனி எது என்பதில் அளக்கிற எல்லாருக்கும் ஒரே பேச்சு இருக்கிறதா? ஒருவர் இளம் இலையை நிமிர்த்திப் பிடித்து அளப்பார், இன்னொருவர் குருத்தோடு நிறுத்திக்கொள்வார். இலை எண்ணுவதும் அப்படித்தான், விரல் நீளம் வந்தால்தான் இலை என்று ஒரு முடிவு வேண்டும். முடிந்தால் ஒரே ஆள், ஒரே கிழமை, காலை 7 மணிக்குள். மதியம் செடி துவண்டு நிற்கும், தண்டும் கொஞ்சம் சுருங்கும்.

திருமங்கலம் அக்கா:
அண்ணன் சொன்னது வளர்ச்சிக்குச் சரி, ஆனால் கிலோ தப்புவதற்குக் காரணம் பூ எண்ணுவதாக இருக்கலாம். வெள்ளரியில் கணுவுக்குக் கணு பெண் பூ வரும், எல்லாம் காயாகாது. கீழே காய்ச்சுமை ஏறினால் மேலே பிஞ்சு மஞ்சளாகி வெம்பிவிடும். விரல் நீளம் தாண்டிய பிஞ்சை மட்டும் எண்ணுங்கள் தம்பி. செடிக்கு ஒரு காய் கூடுதலாக எழுதினாலே 2,500 காய், காய் 150 கிராம் என்றால் 375 கிலோ. உங்களுக்கு விழுந்த துண்டு கிட்டத்தட்ட அதுதான்.

நான் பூ விரிந்த அன்றே காம்பில் கம்பளி நூல் கட்டிவிடுவேன், இந்த வாரம் சிவப்பு, அடுத்த வாரம் நீலம். பூவிலிருந்து பறிப்புக்கு 10 முதல் 14 நாள் ஆகும், வெயில் காலத்தில் சீக்கிரம் வந்துவிடும், நாலு நாள் மூட்டம் போட்டால் இந்த வாரக் காய் அடுத்த வாரத்துக்குப் போய்விடும். அதனால் உள்ளே தெர்மாமீட்டர் மாட்டி, அன்றன்றைக்கு ஏறின சூடும் இறங்கின சூடும் அதே நோட்டில் எழுதுங்கள். அந்தப் பத்துச் செடியும் எங்கே இருக்கின்றன?

வாடிப்பட்டி தோட்டம்:
பத்தும் கதவுப் பக்கத்து வரிசைதான் அக்கா, போக வர வசதி என்று அங்கேயே கட்டிவிட்டேன். நல்லா வந்த செடிகளும் அவைதான். பூவும் எண்ணித்தான் இருக்கிறேன்.

திருமங்கலம் அக்கா:
அப்படியானால் உள்ளே வரிசைக்கு ஒன்றாகப் பிரித்துக் கட்டுங்கள், சுவரோரத்தை விட்டுவிட்டு. சுமாரான செடியும் அதில் இருக்கட்டும். செடிக்கு இத்தனை காய் என்ற சராசரியைப் பெருக்கும்போது 2,500 போடாமல் உயிரோடு நிற்கிற செடியை எண்ணிப் போடுங்கள்.

வாடிப்பட்டி தோட்டம்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். செத்தது போக 2,340 செடி. புதன்கிழமை காலையில் நான் மட்டும்தான் அளக்கிறேன். இந்த வாரம் 860 சொன்னேன், 815 வந்தது, வியாபாரியும் முகம் சுளிக்கவில்லை. இப்போது ஒரு சிக்கல், கொடி சுற்றும்போது 7-ம் நம்பரின் நுனி ஒடிந்துவிட்டது. பக்கத்துச் செடிக்கு அதே அட்டையை மாற்றிவிடலாமா?

மேலூர்க்காரன்:
அதே நம்பர் வேண்டாம், 11 என்று புது அட்டை போடுங்கள். இந்த வாரம் 9 செடிக்கு மட்டும் சராசரி பாருங்கள், புதுச் செடிக்கு இன்றைக்குக் கோடு போட்டால் அடுத்த புதன்தான் வளர்ச்சி தெரியும். அட்டையை மாற்றிக் கட்டினால் ஒடிந்த செடி திடீரென்று ஓங்கி வளர்ந்த மாதிரி நோட்டில் நிற்கும். நான் எப்போதும் கூடுதலாக இரண்டு செடி அளந்து வைத்திருப்பேன், நீங்களும் இன்றைக்கே இரண்டுக்குக் கோடு போட்டுவிடுங்கள் தம்பி.