பிரிக்ஃபீல்ட்ஸ் (கோலாலம்பூர்) பி பிளாக் குழு: ஈஸ்டர் ஓபன் ஹவுஸ் (பண்டிகை விருந்து) 2026

ஜெயா: ஏப்ரல் 5 ஈஸ்டர் ஓபன் ஹவுஸுக்கு ரஷ்யக் குடும்பம், எத்தியோப்பிய மாணவர்கள், கேரளா ஆர்த்தடாக்ஸ் வீடு மூணையும் கூப்பிடலாம்னு இருக்கேன். சிக்கன் பிரட்டல், முட்டை சம்பல், பட்டர் கேக். சரியா வருமா?

சாமுவேல் அங்கிள்: கண்டிப்பா கூப்பிடும்மா. மெனுவ மட்டும் மாத்தணும். ரஷ்யர்களுக்கும் எத்தியோப்பியர்களுக்கும் இந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 12. நம்ம ஈஸ்டர் அன்னிக்கு அவங்களுக்குக் குருத்தோலை ஞாயிறு (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு), லெந்து, அதாவது தவக்கால நோன்பு, முடியல. கேரளா வீட்டுக்கு நம்மகூடவே ஈஸ்டர்.

பிலோமினா அக்கா: மூணு வீடுமே ஆர்த்தடாக்ஸ்தானே அங்கிள்?

சாமுவேல் அங்கிள்: பேரு ஒண்ணு, குடும்பம் ரெண்டு. 451ல கல்கெதோன்ங்கற ஊர்ல கூடின திருச்சபைச் சங்கத்தோட முடிவ ஏத்துக்கிட்டது கிரேக்க, ரஷ்ய சபைகள். ஏத்துக்காதது எகிப்தின் காப்டிக், எத்தியோப்பிய, ஆர்மீனிய, சிரியன் சபைகள். சிரியன் மரபுல வர்ற நம்ம கேரளா வீடும் எத்தியோப்பிய மாணவர்களும் ஒரே நற்கருணை உறவுல (ஒருத்தர் சபையில இன்னொருத்தர் நற்கருணை வாங்கலாம்) இருக்கறவங்க. ஆனாலும் ஈஸ்டர் தேதி வேற! அதனால சபை பேர வச்சு தேதிய ஊகிக்கக்கூடாது.

ஜெயா: தேதி ஏன் மாறுது?

சாமுவேல் அங்கிள்: விதி ஒண்ணுதான். மார்ச் 21லயோ அதுக்கப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறு. ரஷ்ய, எத்தியோப்பிய சபைகளோட கணக்கு பழைய ஜூலியன் நாட்காட்டியில. அது இப்ப 13 நாள் பின்னாடி, அவங்க மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. பௌர்ணமி அட்டவணையும் பழசு. இந்த வருஷம் நம்ம அட்டவணையில பௌர்ணமி ஏப்ரல் 2, அவங்களுக்கு ஏப்ரல் 6 திங்கள். அதான் 12. யூதர்களோட பாஸ்காவுக்காகக் காத்திருக்காங்கன்னு பலர் சொல்றது தப்பு, கணக்குல அது வரவே இல்ல. 2025ல ரெண்டும் ஏப்ரல் 20ல சேர்ந்துச்சு. 2027ல மார்ச் 28, மே 2ன்னு ரொம்ப விலகிடும். 2028 ஏப்ரல் 16ல மறுபடி சேரும்.

பிலோமினா அக்கா: சாப்பாடு நான் சொல்றேன் ஜெயா. எத்தியோப்பியர் தவக்காலத்துல இறைச்சி, முட்டை, பால், தயிர், நெய் எதுவும் கிடையாது. மீனும் வேண்டாம். ரஷ்யர்களுக்குக் குருத்து ஞாயிறுல மீன் உண்டு, மத்ததெல்லாம் அதே தடைதான். தோசைய எண்ணெய்ல சுடு. சாம்பார், கடலைக் குழம்பு, முட்டை போடாத மீகூன் (அரிசி நூடுல்ஸ்), சந்தான் (தேங்காய்ப் பால்) ஊத்தின கூட்டு, எல்லாம் ஓகே. கேசரிக்கு நெய் வேண்டாம். எல்லாரும் தவறுற இடம் ரெண்டு: மார்ஜரின்ல பால் பவுடர் இருக்கும், டப்பாவ படிச்சுப் பாரு, சம்பல்ல பெலாச்சான் இருக்கும், அது இறால்.

ஜெயா: அப்போ சிக்கனே வேண்டாமா?

பிலோமினா அக்கா: வை, கேரளா வீட்டுக்கும் ஐம்பது நாள் நோன்பு அன்னிக்குத்தான் முடியுது. தனி மேசை, தனிக் கரண்டி போதும். சீட்டு எழுதி ஒட்டிடு.

சாமுவேல் அங்கிள்: 12ஆம் தேதி ரஷ்யர், எத்தியோப்பியர் வீடுகளுக்குக் கோழி கொண்டு போ, பன்றி வேண்டாம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ்ல அது எப்பவுமே இல்ல. வாழ்த்தும் அன்னிக்குத்தான்: மாணவர்களுக்கு “மெல்காம் ஃபசிகா” (நல்ல ஈஸ்டர்). ரஷ்யர் “கிறிஸ்தோஸ் வஸ்க்ரெசே” (கிறிஸ்து உயிர்த்தார்)ன்னு சொன்னா “வொயிஸ்தினு வஸ்க்ரெசே” (மெய்யாகவே உயிர்த்தார்)ன்னு பதில் சொல்லணும்.

ஜெயா: கிறிஸ்மஸும் இப்படித்தானா?

சாமுவேல் அங்கிள்: இந்த ரெண்டு வீட்டுக்கும் ஜனவரி 7. கிரேக்கருக்கு டிசம்பர் 25, ஆனா ஈஸ்டர் மட்டும் பழைய கணக்கு. ஆர்மீனியருக்கு ஜனவரி 6. உக்ரைன்ல இருக்கற ரெண்டு ஆர்த்தடாக்ஸ் சபைகள்ல மாஸ்கோவச் சாராத சபை (OCU) 2023ல டிசம்பர் 25க்கு மாறிடுச்சு.

ஜெயா: சரி, ரெண்டு மேசை போடறேன். பிலோமினாக்கா, மீன் குழம்பு உங்க பொறுப்பு, அதுக்கும் தனிக் கரண்டி.